காய்ச்சல் இல்லாத வீட்டுக் கொசு

என் மழைத்தண்ணீரை எவனும் தொடக் கூடாது. இந்த ஐப்பசியில் நான் எடுத்த முடிவு அது. முடிவு என்றால் முடிவு.

எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று செம்பு அண்டாக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆள் இறங்கி உட்கார்ந்து குளிக்கலாம். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் தகரக் குழாய் வழியாக அவற்றில் வந்து விழும். முதல் மழையை விட்டுவிடுவேன். அது ஓட்டைக் கழுவ. அடுத்த மழை காப்பிக்கு. காரைக்குடியில் காப்பி என்று ஊற்றுகிறார்களே, அதெல்லாம் குழாய்த் தண்ணீருக்குக் கறுப்புச் சாயம் போட்டது. மழைத்தண்ணீரில் இறக்கினால்தான் டிகாக்‌ஷன். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சீட்டு இல்லை, சுருட்டு இல்லை. இந்த ஒரு காப்பிதான். அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

முதலில் கொசு ஒழிப்பு ஆட்கள் வந்தார்கள். அண்டாவுக்குள் டார்ச் அடித்தார்கள்.

“ஐயா, புழு நெளியுது.”

“நெளியட்டும். நான் துணி போட்டு வடிகட்டித்தான் குடிக்கிறேன்.”

“நீங்க குடிக்கிறதைச் சொல்லலைய்யா. அது கொசுவாகி டெங்கு…”

“வெளியே போ.”

போய்விட்டார்கள். ஆனால் வெளியே அனுப்ப முடியாத ஆள் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே. தாலி கட்டிக் கூட்டி வந்த ஆள். உண்ணாமலை.

“துணி கட்டி மூடியாவது வைங்களேன்” என்றாள்.

“மூடித்தானே வச்சிருக்கேன்?”

“எங்க மூடுறீக? ஒரு நாளைக்குப் பத்துவாட்டி திறந்து திறந்து பாக்குறீக. துணி ஒரு பக்கம் கிடக்கு, கயிறு ஒரு பக்கம் கிடக்கு. தண்ணி என்ன எந்திரிச்சு ஓடியா போகும்?”

“என் தண்ணி. நான் பார்ப்பேன்.”

இவளிடம் பேச ஆதாரம் வேண்டும். போனில் தேடினேன். ஒரு பூச்சி டாக்டர் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். கொசுவுக்கு எப்படி நோய்க்கிருமி தொற்றுகிறது, அது எப்படிப் பரப்புகிறது என்று. சத்தமாக வைத்து முழுசும் கேட்டேன். என் ரத்தம் கொதித்தது. எத்தனை வருடமாக ஒரு அப்பாவிப் பிராணி மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறோம்!

“கேட்டியா?”

“தெருவே கேட்டுச்சு. முதல்ல சத்தத்தைக் குறைங்க.”

“கொசு பிறக்கும்போதே நோயோட பிறக்கலை. காய்ச்சக்காரனைக் கடிச்சாத்தான் அதுக்கு ஒட்டும். ஒட்டினதும் பரப்பிடவும் முடியாது. கிருமி அதோட வயித்துச் சுவரைத் தாண்டணும், உடம்பெல்லாம் பரவணும், எச்சில் சுரப்பிக்கு வந்து சேரணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுக்குள்ள நிறையக் கொசு செத்தே போகும்.”

“சரி.”

“என்ன சரி? இந்த வீட்டுல இருக்கறது நீயும் நானும். யாருக்குக் காய்ச்சல்?”

“யாருக்கும் இல்லை.”

“அப்ப நம்ம வீட்டுக் கொசு யாரு?”

“யாரு?”

“நிரபராதி!”

உண்ணாமலை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். “வெக்கை கூடினா அந்தப் பத்து நாளு சுருங்கிப் போகும்னும் அதே டாக்டருதான் சொன்னாரு.”

“ஐப்பசியில என்னடி வெக்கை?”

“தாய்க்கொசு முட்டை வழியாக் குஞ்சுக்கும் கொடுத்துருமாம்.”

“அது எப்பவாவது.”

“ஒரு ஆளோட நிக்காதாம். இங்குட்டுக் கொஞ்சம் அங்குட்டுக் கொஞ்சம்னு நாலு பேரைக் கடிச்சாத்தான் வயிறு நிறையுமாம்.”

“உங்க அண்ணன் கல்யாண வீட்டுல ரெண்டு பந்தி உட்கார்ற மாதிரி.”

“எங்க அண்ணனை எதுக்கு இழுக்குறீக?”

“முடிவாச் சொல்றேன். இந்த வீட்டுல ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வரட்டும். அன்னைக்கே மூணு அண்டாவையும் கவுத்துக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன். அதுவரைக்கும் நீயும் வாயைத் திறக்காதே.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்தேன் என்று நினைத்தேன். இவள் வாயை மூடினால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் காலை காப்பி வந்தது. வைத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்கு நின்றாள்.

“ஆறிப் போயிரும், குடிங்க.”

ஆறுகிற காப்பியா அது? கொதித்தது. எனக்கு அப்படித்தான் வேண்டும். அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றினேன். மேல்துண்டால் வாயைத் துடைக்கக்கூட விடவில்லை. தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் செருகிவிட்டாள்.

“முகம் ஒரு மாதிரியா இருக்கு. பேசாதீக.”

அந்தக் கருவியில் இவளுக்குப் பிடித்த அம்சமே அதுதான். நான் பேச முடியாது.

எடுத்துப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

“நூத்தி ரெண்டு!”

“எனக்கா? உடம்பு கல்லு மாதிரி இருக்குடி!”

“காய்ச்சல் வெளியே தெரியறதுக்கு முந்தியே கிருமி ரத்தத்துல ஏறிரும்னு டாக்டரு சொல்லலை?”

சொன்னார். பாவி மனுஷன் சொல்லித்தான் தொலைத்தார்.

கட்டிலைச் சுற்றி வலை இறங்கியது. நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினாள்.

“விடியக் காலையில எதுக்குடி வலை?”

“அந்தக் கொசு பகல்லதான் கடிக்கும்.”

“கடிக்கட்டுமே! எனக்குத்தான் வந்தாச்சுங்கிறியே! இனி என்னைக் காப்பாத்தி என்ன செய்யப் போறே?”

“உங்களைக் காப்பாத்த யாரு வலை கட்டினா? கொசுவைக் காப்பாத்தக் கட்டியிருக்கேன். உங்களைக் கடிச்சா அது கெட்டுப் போயிரும்.”

பர்மா வரைக்கும் போய் வட்டிக்கடை வைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் வந்தவனிடமிருந்து கொசுவுக்குப் பாதுகாப்பு!

வாசலில் நாலு ஆட்கள் வந்த சத்தம் கேட்டது. அரிசி மில்லில் மூட்டை தூக்கும் சேவுகப்பெருமாளின் குரல்.

“ஆச்சி, இதையா?”

“அதையுந்தான். மூணையும்.”

‘மடமட’வென்று ஒரு சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? என் தண்ணீர். இரண்டாவது சத்தம். மூன்றாவது. பிறகு தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கிற சத்தம்.

“நல்லாத் தேய்ங்க. ஓரத்துல முட்டை ஒட்டியிருக்கும். காய்ஞ்சாலும் சாகாதாம். தேய்ச்சுட்டுக் கவுத்திருங்க.”

“டேய்! எவன்டா அது?” என்று எழுந்தேன். வலை காலில் சுற்றியது. இழுத்தேன். கையில் சுற்றியது. கட்டிலிலிருந்து வலையோடு உருண்டு தரையில் விழுந்து கெண்டை மீன் மாதிரி துள்ளினேன்.

சேவுகப்பெருமாள் கதவோரம் எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிப் போனது.

“ஆச்சி, செட்டியாருக்குக் காய்ச்சல் முத்திச் சன்னி கண்டுருச்சு போல!”

நாலு பேரும் கூலியைக்கூட வாங்காமல் ஓடினார்கள்.

வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். தெர்மாமீட்டரைப் பிடுங்கி நானே வாயில் வைத்தேன். தொண்ணூற்றெட்டு.

“பார்! பாருடி! காய்ச்சல் எங்கே?”

“அப்பாடா. இறங்கிருச்சு.”

“இறங்கலை! வரவே இல்லை! கொதிக்கக் கொதிக்கக் காப்பியைக் கொடுத்துட்டு, அந்தச் சூட்டை அளந்திருக்கே!”

“காப்பி கொடுத்தது தப்புங்கறீகளா? அப்ப நாளையிலிருந்து நிறுத்திருவோம்.”

தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டேன்.

அப்போது இடி இடித்தது. வடக்கே வானம் கருத்துக் கிடந்தது. நான் சிரித்தேன். இந்த வருடத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

“வருது பார் மழை! புதுத் தண்ணி. வீட்டுல யாருக்கும் காய்ச்சல் இல்லை. இப்ப என்ன செய்வே?”

“நான் என்ன செய்யப் போறேன்? பிடிச்சுக்கங்க.”

முற்றத்துக்கு ஓடினேன். மூன்று அண்டாவும் குப்புறக் கிடந்தன. ஒன்றைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். இடுப்பில் ‘கடக்’ என்றது. அண்டாவில் ஒன்றும் கேட்கவில்லை. மழை விழ ஆரம்பித்தது.

“சேவுகப்பெருமாளைக் கூப்பிடு! நாலு பேரையும் வரச் சொல்லு! சீக்கிரம்!”

மறுப்பே சொல்லாமல் போனைப் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

“வர முடியாது ஆச்சி, கோவிச்சுக்காதீக” என்றான் அவன். “செட்டியாருக்கு டெங்குன்னு தெரு முழுக்கப் பேச்சு. அந்த வீட்டுக் கொசு கடிச்சா நம்மளுக்கும் வந்துரும்னு எல்லாரும் பயப்படுறாக. ஒரு பத்து நாளு போகட்டும்.”

போனை வைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் அண்டாவைப் பார்த்தேன்.

மழை கொட்டியது. தகரக் குழாய் நிறைந்து நாலு பக்கமும் ஊற்றியது. அத்தனையும் செம்பு முதுகில் ‘டங் டங்’ என்று விழுந்து சாக்கடைக்குப் போனது. அருமையான தண்ணீர். கண்ணாடி மாதிரி இருந்தது. கைக்குக் கிடைத்த ஒரு சொம்பை எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குழாயடியில் நீட்டினேன்.

உள்ளே இருந்து குரல் வந்தது.

“நிறைஞ்சதும் மூடி வைங்க.”