பிள்ளையாரை இடஞ்சுற்றிய கார்

சிவகாசி,
5-6-1965

சிங்கப்பூரில் சகல சௌபாக்கியங்களுடனும் வீற்றிருக்கும் மைத்துனர் ரத்தினசாமி அவர்களுக்கு, சீனிவாசகம் எழுதிக்கொண்டது. இங்கு தங்கள் அக்கா நலம், அச்சாபீஸ் நலம். என் மானம் மட்டும் தங்கள் புண்ணியத்தில் காற்றில் பறக்கிறது.

கல்யாண வயதில் நிற்கிற அக்கா மகள் சுப்புத்தாய்க்கு விளையாட்டுக் கார் அனுப்பத் தங்களுக்குத்தான் தோன்றும். முட்டை வடிவில் பாதை, நடுவில் கார் பிடித்து ஓடப் பள்ளமாக ஒரு காடி, காடிக்கு இருபுறமும் கரண்ட் ஓடும் தகடு, கையில் அமுக்க ஒரு விசை. சுப்புத்தாய்தான் எல்லாம் பூட்டி வயர்களைச் சொருகினாள். விசையை அமுக்கினால் கார் அழகாக வலஞ்சுற்றியது. அந்த அழகில் மயங்கி, பெண் பார்க்க வரும் விருதுநகர் ஆண்டிச்சாமி வீட்டாருக்குச் சீமைச் சாமானைக் காட்டலாமே என்று பாதை வளையத்துக்கு நடுவில் மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்து வைத்தேன். என் புத்தியை எதால் அடிக்க?

அவர்கள் வந்து உட்கார்ந்து, கேசரியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, அமுக்கினேன். முந்தின நாள்வரை வலமாகப் போன கார் பின்பக்கமாகவே இடஞ்சுற்றியது. பதறிப்போய்க் காரின் முகத்தைத் திருப்பி வைத்தேன். இப்போது முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு அதே இடஞ்சுற்று! இன்னும் அழுத்தினேன். வளைவில் எகிறி ஆண்டிச்சாமியின் கேசரித் தட்டில் இறங்கியது. இனி உனக்கு மரியாதை வராதப்பா, நீ என்றே எழுதுகிறேன்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல சாமிய இடஞ்சுத்த வைக்கிறீகளே அண்ணாச்சி" என்று அவர் எழுந்தார். அத்தோடு சம்பந்தம் போச்சு. சுப்புத்தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பிள்ளையின் தோள் குலுங்கியதைப் பார்த்து உன்னைத்தான் மனசாரத் திட்டினேன்.

எல்லாம் முடிந்த பிறகு வயர்மேன் முனியசாமி ஆற அமர வந்து, "பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கெடக்கு மொதலாளி. ரெண்டு வயரையும் மாத்திச் சொருகுனாச் சரியாப் போகும்" என்கிறான். ஒரே ராத்திரியில் வயர் தானாக இடம் மாறிக்கொள்ளும் சாமான் உன் சிங்கப்பூரில் மட்டும்தான் கிடைக்குமோ? பெட்டியோடு கிணற்றில் போடச் சொல்லிவிட்டேன்.

பத்திரகாளியம்மன் உன்னை நல்லா வைக்கட்டும். பார்சல் ஆபீசை மட்டும் உன் கண்ணில் காட்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சீனிவாசகம்

பின்குறிப்பு: மாமா, நான் சுப்புத்தாய். கடுதாசிய ஒட்டித் தபால்ல போடச் சொல்லி அப்பா எங்கிட்டதான் குடுத்தாக. வயரை மாத்திச் சொருகுனது நான்தான். மதுரைக் காலேஜுல எடம் கெடைச்சிருக்கு, இங்கன யாரு கேக்குறா? தோள் குலுங்குனது அழுகை இல்ல. பெட்டி என் கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. ஆவணியில திருத்தங்கல்ல இருந்து பொண்ணு பார்க்க வாராக. அப்பா இனிமே காரைத் தொட மாட்டாக. அங்கன கரண்ட் ரயில் கெடைக்கும்ல? வயரு ரெண்டும் கழத்தி மாட்டுற மாதிரி பார்த்து அனுப்புங்க.