கட்டாத வைரப் பட்டையும் கேட்காத மன்னிப்பும்

போத்தனூர்,
வெள்ளிக்கிழமை.

சத்தியமங்கலத்தில் பூ மண்டி வைத்துச் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. சுப்பண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பழனியாத்தாளைக் கட்டிக்கொண்ட பாலுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் கயல்விழி, மருமகன் ஆல்வின், பேத்தி இனியா ஆகிய ஐவரும் உடலளவில் நலம். மற்ற நால்வரும் ஐந்து நாட்களாக என்னோடு பேசுவதில்லை. அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. அதையும் நலத்திலேயே சேர்த்துக்கொள்ளவும்.

நிற்க. ஞாயிறு இரவு தாங்கள் தொலைபேசியில் சொன்னதை மறக்கவில்லை. "ஏனுங்க மாப்பிள்ளை, நான் ஆசையா வாங்கிக் குடுத்த பாஸைக் கையில கட்டாம, அத்தன சனத்துக்கு முன்னால என்ற தங்கச்சியவே மறிச்சு நிறுத்திப்போட்டீங்களாமா. ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிப்போடுங்க. இல்லீன்னா கயலு புது ஊட்டுல பால் காய்ச்சறதுக்கு நான் வரமாட்டனுங்க" என்றீர்கள். தாய்மாமன் வராத வீட்டில் பால் பொங்கினால் என்ன, வடிந்தால் என்ன என்று கயல்விழி அன்றிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள். ஆகவே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மச்சான், இது தாங்கள் கேட்ட கடிதம் அல்ல. நடந்ததைத் தாங்கள், கூட்டத்தில் யாரோ எடுத்துப் பரப்பிய அந்த ஒன்றரை நிமிட வீடியோவில் பார்த்தீர்கள். நான் அங்கே நின்றது மூன்று மணி நேரம். மீதியையும் தெரிந்துகொண்டு பிறகு கோபப்படுங்கள்.

இனியாவின் பிறந்த நாளுக்குத் தீம் பார்க் போகலாம் என்று முடிவானபோதே ஆல்வின் செல்போனை வைத்துக்கொண்டு பாஸ் விவரத்தைப் படித்துக் காட்டினார். வரிசையில் நிற்காமல் போக மூன்று வகைப் பட்டை. வெள்ளிப் பட்டை கட்டினால் நான்கு விளையாட்டுகளுக்கு மட்டும் குறுக்கு வழி. தங்கப் பட்டைக்கு எல்லா விளையாட்டுக்கும் ஒருமுறை. வைரப் பட்டைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும். கயல்விழி வெள்ளி போதும் என்றாள், தங்கள் தங்கை தங்கம் என்றாள், இனியாவுக்கு ராட்டினம் மட்டும் போதுமாம். வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ரேஷன் கடையில் நின்றவன் நான். அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எதுவும் வாங்காத அட்டை என்று எத்தனை வகை பார்த்திருக்கிறேன். ஒரு வித்தியாசம்தான். எங்கள் கடையில் ஒன்றும் இல்லாதவருக்கு முப்பத்தைந்து கிலோ அரிசி. இங்கே எல்லாம் இருப்பவருக்கு முதல் இடம். இதைச் சொன்னதற்கு, "மாமா, பிளைட்டுலயும் இப்படித்தானுங்க, பணம் கட்டுனவங்க மொதல்ல ஏறிக்குவாங்க" என்றார் ஆல்வின். நான் விமானத்தில் ஏறியதில்லை என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. இதற்கிடையில் தாங்கள் சத்தியமங்கலத்தில் இருந்தபடியே ஐந்து வைரப் பட்டைகளுக்குப் பணம் கட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. தங்கள் பெருந்தன்மையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து வாங்கியதைத்தான் சொல்கிறேன்.

ஞாயிறு காலை பார்க் வாசலில் எல்லோர் கையிலும் மினுமினுப்பான பட்டையைச் சுற்றினார்கள். என் முறை வந்தபோது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். "கட்டிக்கோங்க மாமா, அப்பறம் கழட்டிக்கலாமுங்க" என்றார் ஆல்வின். "எனக்கு வேண்டாமுங்க மாப்பிள்ளை. சனம் எப்படி நிக்குதோ நானும் அப்படி நின்னுட்டு வாரேன்" என்றேன். "ஊருக்கே வரிசை போட்ட மனுசன், உடுங்க, இன்னைக்கும் போயி நிக்கட்டும்" என்று தங்கள் தங்கை முன்னால் நடந்துவிட்டாள். கடையில் என்னிடம் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது தங்களுக்குத் தெரியும். கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள், பையை வைப்பார்கள், ஒற்றைச் செருப்பை விட்டுப் போவார்கள். கல்லுக்கும் செருப்புக்கும் அட்டை கிடையாது என்று தூக்கி ஓரமாகப் போடுவேன். ஊராட்சித் தலைவரின் டிரைவர் பின்வாசலில் வந்து நின்றபோது முன்வாசல் வழியாக வரச்சொல்லி அனுப்பினேன். அதற்காக ஆறு மாதம் என்னைக் கிணத்துக்கடவுப் பக்கம் மாற்றினார்கள். போய்வந்தேன்.

அந்தப் பார்க்கில் கருடன் என்று ஒரு ரயில். தலைகீழாக இரண்டு சுற்றுச் சுற்றிவரும். எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். பதினொரு மணிக்கு அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கரும்புக்கடையிலிருந்து வந்திருந்த சாஜிதா பேகம் என்ற அம்மாளும் அவர் மகள் அஃப்ராவும் நின்றார்கள். அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். ஏழாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் கருடனில் ஏற்றுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்ணும் வாங்கிவிட்டாள். "பார்க்குக்குப் பத்து மணிக்கே வந்துட்டமுங்கண்ணா. அஞ்சு மணிக்குள்ள பஸ்ஸைப் புடிக்கோணும். நாளைக்கி ரெண்டு கல்யாண ஜாக்கெட் குடுக்கோணுமுங்க" என்றார். வரிசை நகரவில்லை. நகர்ந்தால் ஒரு அடி நகரும். பக்கத்தில் சங்கிலி கட்டிய இன்னொரு பாதையில் பட்டைக்காரர்கள் கைவீசி நடந்து போனார்கள். அதில் நம் குடும்பமும் ஒன்று. இனியா ஒவ்வொரு சுற்று போகும்போதும் "தாத்தா, இன்னும் அங்கயேவா இருக்கீங்க" என்று மேலேயிருந்து கத்தினாள். நாலாவது சுற்றில் அவளுக்கே சலித்து வெறுமனே கையை மட்டும் ஆட்டினாள். தங்கள் தங்கையிடம் யாரோ, "அந்தப் பெரியவரு உங்களுக்கு வேண்டப்பட்டவருங்களா" என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாதுங்க" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

சும்மா நிற்பதற்கு எண்ணலாம் என்று எண்ணினேன். ரயிலில் ஒரு தடவைக்கு இருபத்துநாலு பேர். பட்டைப் பாதையிலிருந்து இருபது, எங்களிலிருந்து நாலு. ஏழு ரயில் பார்த்தேன், ஏழிலும் அதே இருபது, அதே நாலு. வாசலில் கருடன் மூக்கு வைத்த தொப்பி போட்டு பூஜிதா என்று பெயர் குத்திய ஒரு பெண் நின்றாள். "ஏனுங்க அம்மணி, பாதிக்குப் பாதி விடக்கூடாதுங்களா" என்று கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தானுங்க சார். நான் மாத்துனா என்னை மாத்திருவாங்க" என்றாள். நியாயமான பதில். அந்தப் பெண்ணை நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீடியோவில் என் கை நீண்டிருப்பது அவளைப் பார்த்து அல்ல, அந்த ரயிலைப் பார்த்து.

அந்த நேரம் அஃப்ரா தன் அம்மாவிடம், "போலாம்மா, காலு வலிக்குது. எனக்கு ஒண்ணும் அது வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு மேலே ரயில் போகிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான், எனக்கு அங்கேதான் தாங்கவில்லை. என் அப்பனும் உங்கள் அப்பனும் ஒரே பண்ணையத்தில் ஆள்காரராக இருந்தவர்கள். கூலிச் சோளம் அளக்கிற அன்று எல்லாருக்கும் அளந்து முடியும்வரை களத்து ஓரமாக நின்று, கடைசியில் கிடைத்ததை வாங்கிவந்தார்கள். எனக்கு அது வேண்டாம் என்று என் அப்பன் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். வேண்டாததால் சொன்னதல்ல அது.

நான் செய்தது பெரிய காரியம் இல்லை. சங்கிலிப் பாதை முடிகிற இடத்தில், பட்டைக்காரர்கள் வாசலுக்குப் போக எங்கள் வரிசைக்கு நடுவே ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியை நாங்கள்தான் விட்டுக்கொடுத்து நின்றோம். "எல்லாரும் ஒரு எட்டு முன்னால வெச்சு நெருங்கி நில்லுங்க" என்று கடைக்குரலில் சொன்னேன். நின்றார்கள். இடைவெளி மூடிக்கொண்டது. யாரையும் தள்ளவில்லை, திட்டவில்லை. அந்தக் கணத்தில் அந்தப் பாதையில் முதலாவதாக வந்து முட்டி நின்றவர்கள் தங்கள் தங்கை, மகள், மருமகன், பேத்தி. ஐந்தாவது சுற்றுக்கு வந்திருந்தார்கள். இது என் தவறா.

"நவுருங்க" என்றாள் பழனியாத்தாள்.

"ஆரு நீங்க, எனக்குத் தெரியாதுங்களே" என்றேன்.

இதற்குத்தான் கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு வீடியோ முடிந்துவிடுகிறது. இது ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வருந்தவில்லை. இனியா மட்டும் சங்கிலிமேல் சாய்ந்துகொண்டு, "தாத்தா, நீங்க விளையாட வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா" என்று கேட்டாள். விடை சொல்வதற்குள் மேலாளர் சுந்தரராஜுலு வந்துவிட்டார். டை கட்டிய, மரியாதையான மனிதர். என்னையும் சாஜிதா பேகத்தையும் ஓரமாகக் கூப்பிட்டு, பையிலிருந்து மூன்று வைரப் பட்டைகளை எடுத்தார். "உங்களுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணுங்க. எங்க அன்பளிப்பு. நேரா போய் ஏறிக்குங்க சார்" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபம். அந்த அம்மாளுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஐந்து மணி பஸ் அவருக்கு, கால்வலி அவர் மகளுக்கு. அவர் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, "பின்னாடி எறநூறு பேரு நிக்கறாங்க. அவங்களுக்கும் குடுப்பீங்களாங்க" என்று கேட்டார். மேலாளர் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பட்டையை மடித்து மேலாளர் கையிலேயே வைத்துவிட்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால், என் இடத்தில்.

மேலாளர் யார் யாரிடமோ போனில் பேசினார். கால் மணி நேரம் கழித்துப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று பூஜிதாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மூடும்வரை அப்படியே நடந்தது. இதை வீடியோவில் யாரும் போடவில்லை. பிறகு வரிசை மளமளவென்று நகர்ந்தது. இரண்டு மணிக்கு நாங்கள் வாசலுக்கு வந்தோம். அங்கேதான் அந்தப் பலகை இருந்தது. இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏறக்கூடாது.

"சார், உங்களுக்கு வயசு எத்தனைங்க" என்று பூஜிதா மெதுவாகக் கேட்டாள். ஐம்பத்தொன்பது என்று நான் சொல்லவேண்டும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பின்னால் நின்றவர்களும், "சொல்லுங்க பெரியவரே, ஐம்பத்தெட்டுன்னு சொல்லுங்க" என்றார்கள். "அறுபத்தொண்ணுங்க அம்மணி" என்றேன். ஓரமாக ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டாள். அஃப்ரா ரயிலில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் மேலே போய்க் கத்திய கத்தல் கீழே வரை கேட்டது. நான் கீழே நின்று கேட்டேன். தாங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. மூன்று மணி நேரம் நின்று ஏறாமல் வந்தவன் என்று சத்தியமங்கலம் மண்டி முழுக்கச் சொல்லிக்கொள்ளுங்கள். என் முறை வந்தது மச்சான். வந்த முறையை நானே விட்டேன். வேறு யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே மன்னிப்புக் கேட்பதற்கில்லை. தாங்கள் வாங்கிக்கொடுத்த பட்டையை ஒரு கீறல் இல்லாமல் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், பெற்றுக்கொள்ளவும். பால் காய்ச்சும் அன்று தாங்கள் வந்தால் வாசலில் கைகூப்பி வரவேற்பேன், வராவிட்டாலும் தங்கள் பேரைச் சொல்லித்தான் அடுப்பைப் பற்றவைப்போம். பெண்ணுக்குத் தாய்மாமன் ஒருவர்தான், அதில் மாற்று ஏற்பாடு கிடையாது. மல்லிகை விலை இறங்காமலும், தங்கள் இரத்தக் கொதிப்பு ஏறாமலும், அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமலும் இருக்க பண்ணாரி அம்மனை வேண்டிக்கொண்டு, என் கொள்கையில் இம்மியும் பிசகாமல் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ரா. பாலுசாமி,
ரேஷன் கடை விற்பனையாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. தபாலில் சேர்ப்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். அன்று நின்றதில் இடது முழங்கால் வீங்கி, காலையில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். டோக்கன் அறுபத்திரண்டு. உள்ளே போய்க்கொண்டிருந்தது பதினெட்டு. உட்கார இடமில்லை. அரைமணி நேரம் சுவரைப் பிடித்து நின்றபோது, டோக்கன் கூப்பிடுகிற ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "ஏனுங்க, நீங்க ரேஷன் கடை பாலுசாமி அண்ணந்தானுங்களே. நான் ரிஃபத்துங்க, சர்க்கரை வாங்க அம்மா கூட வருவேனுங்களே. நீங்க எதுக்குங்க நிக்கறீங்க, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை மச்சான். அவர் பின்னாலேயே போய்விட்டேன். பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். உள்ளே மருத்துவர் முழங்காலை அமுக்கிப் பார்த்து, "எப்படிங்க வந்துச்சு" என்று கேட்டார். வரிசையில் நின்று வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.