நெஞ்சுக்கு நல்ல வைன்

சாராயத்தைக் கைவிட்டு நாகரிகமான மனிதனாக மாறுவது என்று நான் தீர்மானித்தது துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில். சாட்சிகள் இருவர். ஒருவன் டெரன்ஸ். உல்லாசக் கப்பல்களில் சாப்பாடு பரிமாறிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். மற்றவர் வேலாப்போடி. வெருகல் பக்கத்து வயற்காரர். திருகோணமலைக்கு வந்தால் என்னைக் காணாமல் திரும்பிப் போகமாட்டார்.

"வைன் எண்டால் விலை கூடின சாமான் எண்டு சனம் நினைக்குது மச்சான். சும்மா கதை," என்றான் டெரன்ஸ். "சிலி நாட்டுச் சிவப்பு வைன் ஒண்டு இங்கயே கிடைக்குது. மலிவு. குடிச்சால் நீயே கப்பல் கப்டன்."

"வெறிக்குமோ?" வேலாப்போடி கேட்டார்.

"வெறிக்கக் குடிக்கிறதில்ல அண்ணை. ருசிக்கக் குடிக்கிறது."

"அப்ப என்னத்துக்குக் குடிப்பான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே திட்டம் முடிவாயிற்று. பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பின்னேரம் உப்புவெளியில் என் வீட்டு முற்றத்தில் கூடுவது. அங்கிருந்தால் கடல் தெரியும். இறால் வேலாப்போடியின் பொறுப்பு. போயாவன்று மதுக்கடை பூட்டு. ஆகையால் முதல் நாளே வைன் வாங்கிவைப்பது என் பொறுப்பு.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. என் மனைவி பிரியங்கினி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். வைன், வைதல் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவது தற்செயல் அல்ல என்பது என் குடும்ப வாழ்க்கை கற்றுத் தந்த இலக்கணம்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பைக்குள்ள என்ன?" வாசலிலேயே கேட்டாள்.

"மருந்து."

"ரெண்டு போத்திலோ? என்ன மருந்து இவ்வளவு நீட்டு?"

"நெஞ்சுக்கு. சிவப்பு வைன். ஒரு கிளாஸ் குடிச்சால் இருதயத்துக்கு நல்லமாம். வெள்ளைக்காரன் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிச்சிருக்கிறான்."

ஏச்சு வரும் என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"எப்ப இருந்து?"

"எது?"

"நெஞ்சுக்குத்து."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் இல்லை என்றிருப்பான். எனக்கோ ஒரு கதவு தானாகத் திறந்ததுபோல் இருந்தது. "இடைக்கிடை," என்றேன். கூடவே கொஞ்சம் இருமியும் காட்டினேன். இருமலுக்கும் இருதயத்துக்கும் முதல் இரண்டு எழுத்தைத் தவிர என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே நீங்கள்!" அவளுடைய கண் கலங்கியது. போத்தல்கள் இரண்டையும் பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கிக் குசினி அலுமாரிக்குள் வைத்தாள்.

வென்றுவிட்டேன். அந்த வெற்றி ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறும்வரை நீடித்தது.

பக்கத்து வீட்டு சுஹைரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரஷர் பார்க்கிற மெசினோடு வந்து நின்றாள்.

"கையை நீட்டுங்க அண்ணா."

நீட்டினேன். மெசின் ஊதியது. சுஹைரா பிரியங்கினியைப் பார்த்தாள். பிரியங்கினி சுஹைராவைப் பார்த்தாள்.

"கூடத்தான் இருக்கு அக்கா. உப்பு, பொரியல், இறால், குடி எல்லாத்தையும் நிப்பாட்டணும்."

"குடி இல்லை சுஹைரா, வைன். ஆராய்ச்சியில..."

"ஆராய்ச்சி செய்த ஆளுக்குப் பிரஷர் இருந்திருக்காது அண்ணா."

மறுநாள் விடியவே என்னைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனாள் பிரியங்கினி. மத்தியானம் அவித்த சுரைக்காய். உப்புவெளியில் இருந்துகொண்டு உப்பில்லாமல் சாப்பிட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். பின்னேரம் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

பின்னேரம் வந்தது. நண்பர்களும் வந்தார்கள், செத்தவீட்டுக்கு வருகிற முகத்தோடு. பிரியங்கினி எல்லாருக்கும் போன் பண்ணியிருந்தாள். டெரன்ஸின் கையில் ஒரு பை நிறைய அப்பிள். வேலாப்போடியின் கையில் இறாலும் மாரி பிஸ்கட்டும்.

"எழும்பாத மதி, எழும்பாத," என்றார் வேலாப்போடி.

நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"பாவம், கண்ணும் துடிக்குது."

பிரியங்கினி பொரித்த இறாலும் மூன்று கிளாஸும் கொண்டுவந்து வைத்தாள். "ஆசையா வாங்கினவர். அவருக்குக் குடிக்க ஏலாது. நீங்களாவது குடியுங்கோ அண்ணை. பார்த்தால் அவருக்கும் மனம் ஆறும்."

டெரன்ஸ் தக்கையைக் கழற்றி ஊற்றினான். கிளாஸைச் சுழற்றினான். மணந்தான். "நாவற்பழமும் கறுவாவும் சேர்ந்த மாதிரி இருக்கு," என்றான்.

வேலாப்போடி முதல் மிடறுக்கு முகத்தைச் சுளித்தார். இரண்டாவதுக்குச் சுளிக்கவில்லை. மூன்றாவதுக்குக் கண்ணை மூடினார். "சாராயம் அடிக்கும். இது தடவிக்குடுக்குது."

மூன்றாவது கிளாஸுக்கு நான் கையை நீட்டினேன். பிரியங்கினி அதை எடுத்துக்கொண்டு கதிரையில் வசதியாகச் சாய்ந்தாள். என் கையில் மல்லித் தண்ணியைத் தந்தாள்.

"நீயுமோ?"

"உங்களை நினைச்சு என்ர நெஞ்சும் நேற்றில இருந்து படபடக்குது."

கடலில் எழும்பிய முழுநிலா சிவந்தது. கிளாஸ்கள் சிவந்தன. மூவரும் சிரித்துக் கதைத்தார்கள். இரண்டாவது போத்தலும் பாதிக்குக் கீழே இறங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"எனக்கு ஒண்டுமில்லை! நெஞ்சுக்குத்து பொய்! வைன் குடிக்கிறதுக்காகச் சொன்னனான்!"

டெரன்ஸ் கிளாஸுக்குள் எதையோ தேடினான். வேலாப்போடி ஒரு இறாலை மிக மெதுவாக மென்றார்.

"தெரியும்," என்றாள் பிரியங்கினி.

"தெரியுமோ?"

"டெரன்ஸ் அண்ணையின்ர மனிசி போன கிழமையே சொல்லிட்டா. நீங்கள் என்ன பொய்யோட வருவீங்கள் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான். சுஹைராவுக்கும் சொல்லித்தான் கூப்பிட்டனான்."

நான் நண்பர்கள் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கும் தெரியுமோ?"

"தங்கச்சி இறால் பொரிச்சுத் தாறன் எண்டவா மதி," என்றார் வேலாப்போடி. "நான் என்ன செய்ய?"

"குடிக்கப்போறம் எண்டு நேராய்க் கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன்," என்றாள் பிரியங்கினி.

நேராகக் கேட்பது! கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த முறையை நான் ஒருதரமாவது பரீட்சித்துப் பார்த்ததில்லை.

"சரி, இப்ப நேராய்க் கேக்கிறன். எனக்கும் ஊத்து."

அவள் போத்தலைக் கவிழ்த்தாள். மிச்சமெல்லாம் அவளுடைய கிளாஸுக்குள் போய்ச் சேர்ந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தாள்.

"நல்ல வைன்தான். விலையும் பரவாயில்லை. அடுத்த போயாவுக்கும் இதையே வாங்குங்கோ. டெரன்ஸ் அண்ணையின்ர மனிசியும் வாறாவாம்."

"அப்ப எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வை."

"உங்களுக்கு என்னத்துக்குக் கிளாஸ்?" என்றாள் பிரியங்கினி. "நீங்கள்தானே எங்களுக்கு ஊத்தப்போறீங்கள்."