எனக்கு முன்னால் கடதாசி எடுத்த துவக்கு

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு துவக்குத்தான் செய்திருக்கிறேன். அதையும் யாரும் தேடி வந்து பிடிக்கவில்லை. நானே கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தேன். அதுவும் வரிசையில் நின்று.

துவக்குச் சத்தம் வேண்டாம் என்று ஊரை விட்டு வெளிக்கிட்டு, இரண்டு நாட்டுக் காடுகளையும் ஒரு லொறியின் உள்பக்கத்தையும் பார்த்துப் பாரிசுக்கு வந்தவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதன்பிறகு கோப்பை கழுவினேன், பந்தல் கட்டினேன், இத்தாலியில் ஒரு கோடை தக்காளி பிடுங்கினேன். இத்தனை வேலை தெரிந்தவனுக்கு ஒரு துவக்குச் செய்வது பெரிய காரியமா என்று நினைத்தேன். (நினைப்புக்கு மட்டும் நான் எப்போதும் குறை வைத்ததில்லை.)

2012ஆம் ஆண்டு அது. பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தவம் அண்ணையின் மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றேன். அவர் கடைக்காரர் மட்டுமல்ல, நாடகக்காரரும். பாரிசுக்கு வெளியே சார்செலில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருந்தார். பன்றி சுடப் போன வேட்டைக்காரன், பற்றைக்குள் ஒளிந்திருக்கும் தன் மாமனாரைக் குறி பார்க்கிற கதை. வேட்டைக்காரனாக நடிப்பவர் குலம் அண்ணை. அரிசி மூட்டை இறக்கி இறக்கித் தோள்மூட்டுக் கெட்டுப்போன மனிதர்.

“குலத்தாலை பாரம் தூக்கேலாது. பதினைஞ்சு நிமிசம் துவக்கை நீட்டிப் பிடிச்சபடி வசனம் பேச வேணும். பாரமில்லாமல் செய்” என்றார் தவம் அண்ணை.

“ஓம் அண்ணை.”

“நீளமாவும் வேண்டாம். போன வருசம் ஈட்டி திரையைக் கிழிச்சது. குழாய் கட்டையா இருக்கட்டும்.”

“ஓம் அண்ணை.”

“முக்கியமா, சட்டத்துக்குள்ள இருக்க வேணும். ஞாயிறு நாடகம், திங்கள் உனக்குப் பிரிபெக்சர். ஒரு பிசகு வந்துதெண்டால் உன்ர சுகி இன்னும் ஆறு வருசம் மானிப்பாயிலதான்.”

இந்த இடத்தில் நான் “ஓம் அண்ணை” சொல்லவில்லை. சுகி என் மனைவி. கலியாணம் கட்டி நாற்பது நாளில் அவளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன், ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகத் துண்டோடு அலைந்துகொண்டிருந்தேன். அந்தத் திங்கட்கிழமைதான் பிரிபெக்சர் என்ற விசாக் கந்தோரில் சரியான விசா தருவதற்குக் கூப்பிட்டிருந்தார்கள். அது கிடைத்தால்தான் அவளைக் கூப்பிடலாம்.

மாம்பழம் வரும் பெட்டியின் பலகையில் பிடியை அறுத்தேன். குழாய்க்கு, எங்கள் அறையில் செத்துப்போயிருந்த தூசி உறிஞ்சும் மெசினின் பிளாஸ்ரிக் குழாயில் இரண்டு சாண். விசைக்கு ஒரு கதவுக் கொளுக்கி. எல்லாவற்றையும் பசையால் ஒட்டிக் கறுப்பு அடித்து, கடைத் தராசில் வைத்தேன். பக்கத்தில் கிடந்த முட்டைக்கோவாவை விடப் பாரம் குறைவு. உலகத்தின் முதல் மரக்கறித் துவக்கு என்று எனக்குள் ஒரு பெருமை.

தவம் அண்ணை பார்த்ததும் வெளிறிப்போனார். “எடேய், இது உண்மை மாதிரியெல்லோ கிடக்கு. இப்பிடி ஒண்டை றோட்டில கொண்டு திரிஞ்சால் பிடிப்பாங்களாம்.”

உடனே நுனிக்குச் செம்மஞ்சள் அடித்தேன். அது போதாது போலிருந்தது. பிடிக்கு மஞ்சள் அடித்தேன். பிறகு நடுவில் பச்சை. நிறம் கூடக்கூடச் சட்டமும் கூடும் என்பது என் கணக்கு. கடைசியில் அது தேர்த்திருவிழாவில் விற்கும் ஊதுகுழல் போல ஆனது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஆனால் இந்த நாட்டில் ஆறு வருடம் இருந்து நான் படித்த ஒரே பாடம் கடதாசிதான். கடதாசி இல்லாத மனிதனே இங்கே இல்லாத மனிதன் என்றால், கடதாசி இல்லாத துவக்கின் கதி என்ன? ஆகவே துவக்குக்கு ஒரு கோப்புத் தயாரித்தேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று படங்கள். என்னென்ன பொருளில் செய்தது என்ற பட்டியல். நாடகத்துக்குத்தான் என்று தவம் அண்ணையின் கையொப்பத்தோடு ஒரு கடிதம். அதைவிட முக்கியமாக, துவக்கு என்னுடைய அறையில்தான் தங்கியிருக்கிறது என்று நான் எழுதிய வதிவிடக் கடிதம், கரண்ட் பில் பிரதியோடு. (அந்த அறையில் ஏற்கனவே நாலு பேர். துவக்கு ஐந்தாவது ஆள்.) எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

“பிறப்புச் சான்றிதழும் எடுத்தனியோ?” என்று கேட்டார் தவம் அண்ணை.

“கேட்டால் குடுப்பம் அண்ணை.”

ஞாயிறு காலை, திங்கட்கிழமைக்கென்று மடித்து வைத்திருந்த சேட்டைப் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். கோப்பில் ஒரு முத்திரை குத்தி வாங்கிவிட்டால் நிம்மதியாகச் சார்செலுக்கு ரயில் ஏறலாம். துவக்கு, மரக்கறிப் பைக்குள், லீக்ஸ் கட்டுக்கு அடியில் இருந்தது. எனக்கு முன்னால் கைப்பையைத் தொலைத்த ஒரு வயதான பிரெஞ்சுக்காரி நின்றாள்.

என் முறை வந்தது. இரவு முழுக்கப் பாடமாக்கிய பிரெஞ்சு வசனத்தை மேசையிலிருந்த பொலிஸ்காரியிடம் சொன்னேன். “வணக்கம் மதாம். என்னிடம் ஒரு துவக்கு இருக்கிறது. அது நாடகத்துக்கு. சட்டப்படி செய்தது.”

முதல் இரண்டு வசனத்துக்குப் பிறகு யாரும் காது கொடுக்கவில்லை. நானோ, காட்டினால் நம்புவார்கள் என்று பைக்குள் கையை விட்டேன்.

எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் தரையில் கிடந்தேன், என் முதுகில் ஒருவர், முகத்துக்கு நேரே லீக்ஸ். துவக்கு விழுந்து மூன்று துண்டாகியது. குழாய் மட்டும் உருண்டு உருண்டு போய் அந்தக் கிழவியின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவள் குனிந்து எடுத்துப் பார்த்தாள்.

“இது தூசி உறிஞ்சியின் குழாய். என்னிடமும் இதே மாதிரி இருக்கிறது” என்றாள்.

என்னை ஒரு சிறிய அறையில் இருத்தினார்கள். நாடகம் ஞாபகத்துக்கு வரவில்லை. சுகிக்குப் போனில் எப்படித் தொடங்குவது என்றே யோசித்தேன். ‘விசா இல்லை’ என்று முதலில் சொல்வதா, ‘துவக்குச் செய்தேன்’ என்று முதலில் சொல்வதா?

மூத்த அதிகாரி ஒருவர் என் கோப்பைப் பக்கம் பக்கமாக வாசித்தார். வதிவிடக் கடிதத்துக்கு வந்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் என்னிடம், இத்தனை ஒழுங்கான கோப்பைத் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை என்றும், இனிமேல் ‘நாடகம்’ என்ற சொல்லை முதலில் சொல்லும்படியும் சொன்னார். உடைந்த துவக்கை அவர்களே வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பற்றுச்சீட்டு அடித்துக் கையொப்பமிட்டு, வட்ட முத்திரை குத்தித் தந்தார்கள். எல்லாமாக இரண்டு மணித்தியாலம். எனக்கு ஆறு வருடமாகக் கிடைக்காதது.

நான் சார்செலுக்குப் போய்ச் சேர்ந்தபோது திரை விழுந்துவிட்டது. குலம் அண்ணை கடைக் குடையால் பன்றி சுட்டிருந்தார். சனம் அதை நாடகத்தின் பகிடி என்று நினைத்து எழும்பி நின்று கைதட்டியதாம். தவம் அண்ணை மட்டும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பிரிபெக்சர். யன்னலுக்கு அப்பால் இருந்த பெண்மணி என் கோப்பைத் திறந்து படங்களை எடுத்தாள். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. முதலாவதைத் தூக்கிப் பிடித்து என் முகத்தோடு ஒப்பிட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, துவக்குப் படங்களின் இரண்டாவது பிரதியைக் கோப்பில் வைத்துவிட்டேன் என்று. என்னுடைய படங்கள் அறையில் கிடந்தன.

பொலிஸ் தந்த பற்றுச்சீட்டை நீட்டினேன். அவள் வாசித்தாள், எழுந்து உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் நாலு தலைகள் ஒன்றாகக் குனிவது தெரிந்தது. சுகியின் ஆறு வருடம் அந்தத் தலைகளுக்கு நடுவில் கிடந்தது.

திரும்பி வந்தவள், சிரிப்பை அடக்கிய முகத்தோடு, துவக்கின் கோப்புச் சரி, என்னுடையதில்தான் படம் குறைகிறது, கீழே மெசினில் எடுத்து வா என்றாள். ஓடிப்போய் எடுத்தேன். மரண தண்டனைத் தீர்ப்பைக் கேட்டவன் முகம். அந்த முகத்தோடுதான் என் விசா வந்தது. பத்து வருடம் அதைச் சட்டைப்பையில் சுமந்தேன்.

அடுத்த வருடம் சுகி விமானத்தால் இறங்கினாள். ஏழு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். கண் கலங்கி நின்ற என்னை அவள் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“எங்கை மற்ற ஆள்?”

“ஆர்?”

“உங்களோட அறையில இருந்தவர். கட்டையா, பாரமில்லாதவர்.”

கதை நான் சொல்ல முன்னமே மானிப்பாய் போய்ச் சேர்ந்திருந்தது. பேசாத தவம் அண்ணை அங்கே மட்டும் பேசியிருக்கிறார்.

துவக்கைத் திருப்பி எடுக்க நான் போகவேயில்லை. போன மாதம் மூத்த மகள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் விரல் மடித்து எண்ணுவதற்குள் குசினிக்குள்ளிருந்து சுகியின் குரல் வந்தது.

“நாங்கள் நாலு பேர். கொப்பர் கடிதம் குடுத்து வைச்சிருக்கிற ஆளையும் சேர்த்தால் அஞ்சு.”