பாப்பரசர் எழுதிய லத்தீன் பரீட்சை

பாப்பரசரைப் பற்றிப் பதுளையில் உலவும் கதைகளில் பாதி நான் கட்டிவிட்டவை. ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, கண்ணால் கண்டதையும் சாட்சி உள்ளதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஊவா மாகாணத்தில் லத்தீன் மொழி இவரிடம் அகப்பட்டதுபோல் வேறெவரிடமும் அகப்பட்டு அவதியுற்றதில்லை.

உயர்தர வகுப்பில் நானும், லத்தீன் பித்துக்காக நாங்கள் 'பாப்பரசர்' என்று பட்டம் சூட்டிய இவரும் ஒரே விடுதியறையில் இருந்தோம். பெரகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்தவர். குடும்பத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத முதல் ஆள் தாமே ஆகவேண்டும் என்று உறுதிபூண்டிருந்தார். அதற்குப் பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், போகவேண்டும். கலைப்பிரிவில் எல்லோரும் எடுக்கும் பாடங்களில் முண்டியடிக்க விரும்பாமல், எவரும் எடுக்காத லத்தீனை எடுத்தார். கற்பிக்க ஆளில்லை என்று அதிபர் எச்சரித்தும் அசையவில்லை.

"நான் ஒருத்தன்தான்டா எழுதப்போறேன். மொதலாவதா வராம எப்படித் தப்பிக்கிறது?" என்றார் என்னிடம்.

பங்குச் சுவாமி தூசி தட்டிக் கொடுத்த பழைய குருமட இலக்கணநூலே அவருடைய பேராசிரியர். விளக்கமெல்லாம் தமிழில். காலைக் குளியல் வரிசையில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எல்லா வேற்றுமைகளிலும் நிறுத்தி விசாரிப்பார். பின்னால் குளிரில் நிற்கும் நாங்கள் பற்களால் தாளம் போடுவோம். உணவுக்கு முன் அவர் சொல்லும் லத்தீன் செபத்துக்கு முடிவே இராது. ஒருநாள் சமையல்கார அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏன் தம்பி, அந்தச் சாமிக்குத் தமிழ் வெளங்காதா? பருப்பு ஆறுது."

பரீட்சை மண்டபத்தில் ஒரேயொரு பரீட்சார்த்தி, இரண்டு மேற்பார்வையாளர்கள், வாசலில் ஒரு பொலிஸ்காரர். வினாத்தாளோ லத்தீன் பந்திகளை ஆங்கிலத்தில் பெயர்க்குமாறு பணித்தது. பாப்பரசருக்கு ஆங்கிலத்தில் பஸ் பலகை வாசிக்கவே மூச்சு வாங்கும். ஈராண்டாக இதை விசாரித்தறிய அவருக்குத் தோன்றவில்லை; அவரைக் கேலிசெய்வதிலேயே மும்முரமாயிருந்த எனக்கும் தோன்றவில்லை.

அடுத்து நடந்ததை மேற்பார்வையாளர்களில் ஒருவரான யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பாப்பரசர் எல்லாவற்றையும் தமிழில் பெயர்க்கத் தொடங்கினாராம். மேலதிகத் தாளும் கேட்டாராம்.

"தம்பி, தமிழிலை எழுதினா இதைத் திருத்த ஒருத்தரும் இருக்கமாட்டினம்" என்றிருக்கிறார் ஆசிரியை.

"லத்தீனே படிச்சவருக்குத் தமிழ் படிக்க எவ்வளவு நேரமாகும் டீச்சர்?"

பெறுபேறு கைப்பேசியில் வந்தது. மற்ற இரு பாடங்களிலும் சித்தியடைந்திருந்தார், லத்தீனில் இல்லை. மூன்றிலும் தேறாதவருக்குக் கம்பஸும் இல்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரகலைக்கு பஸ் ஏறினார்.

அந்த விடைத்தாளைத் திருத்தியவர் யாரென்று தெரியாது. என் நண்பன் எழுதியதில் ஒரு பக்கத்தையாவது யாரேனும் வாசித்தார்களா என்பதும் எனக்குத் தெரியாது.