தமுக்குப் பெரியப்பாவின் பாவசங்கீர்த்தனம்

பிரெஞ்சுக்காரன் ஆளும் இந்தச் சீமையில் ரகசியமே இல்லாத மனுஷர் ஒருத்தர்தான். அவர் எங்கள் தெருக்காரர். பாகூர்ப் பக்கம் வந்து தமுக்குப் பெரியப்பா வீடு எது என்று கேட்டால் மாடுகூட வழி காட்டும்.

சர்க்கார் உத்தரவு எது வந்தாலும் தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்வது அவர் வேலை. அடித்து அடித்துக் காது மந்தம். அதனால் அவரிடம் இருந்தது ஒரே குரல். சம்சாரத்திடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டால் கடற்கரையில், பனித்திட்டு ஊரில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

இந்தக் குரலோடுதான் சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போடுவார். மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரச் சாமியார் அவர் காதோரம் சொல்வது வேறு யாருக்கும் கேட்காது. இந்தப் பக்கத்துப் பதில் மட்டும் கோயில் கூரையில் மோதித் திரும்பும்.

"ஆமா சாமி, பூசணிக்கா நாந்தான்."

சாமியார் ஏதோ கேட்பார்.

"பெருசுதான் சாமி."

பின்வரிசையில் பூசணிக்காய்க்காரர் எழுந்து நிற்பார்.

சாமியாரும் என்னென்னவோ செய்து பார்த்தார். கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். கிணறு எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொன்னது. அவர் வாய் திறக்கும்போது கோயில் மணியை அடிக்கச் சொன்னார். மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர் சனமும் ஓடி வந்தது. மதிலுக்கு வெளியே கரும்புக் கவுண்டர், நெற்றி நிறைய விபூதியோடு, வெற்றிலை மென்றபடி தவறாமல் நிற்பார்.

நான் சும்மா இருப்பேனா? "பெரிப்பா, இந்த வாரம் சரக்கு இன்னா?" என்பேன்.

"ஒண்ணும் சேரலடா. உன்கிட்ட இருந்தா ரெண்டு குடேன்."

அப்படிப்பட்டவர் ஒரு நடவுக் காலத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். ஏரித் தண்ணீர் திறந்தாயிற்று. நாற்றுப் பறித்து முடிபோட்டு வரப்பில் கிடந்தது. நாங்கள் பாட்டுக்கு நட்டு முடித்தோம். துரை வருகிற ரோட்டுக்குச் சரளை அடிக்க ஊர் வண்டிமாடு முழுக்க வரவேண்டும் என்று உத்தரவு வந்திருந்த விஷயமே அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

"தமுக்கு அடிக்கல சாமி. அடிச்சிட்டேன்னு பாகூர் ஆபீசுல பொய் சொல்லிட்டேன்."

கோயிலில் பின்வரிசை முன்வரிசைக்கு நகர்ந்தது.

"மாடு ரோட்டுக்குப் பூட்டா நாத்து அழுவிப்பூடும் சாமி."

சாமியார், செய்த பாவத்தை நினைத்து மனஸ்தாபம் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும்.

"பொய் சொன்னதுக்கு நெஞ்சு நோவுது சாமி. அடிக்காததுக்கு நோவலியே."

சாமியார் முகம் சிவந்து வெளியே வந்தார். "பாவசங்கீர்த்தனம் எவர் காதில் விழுந்ததோ, அவரும் என்னைப் போல் கட்டுப்பட்டவரே. வாய் திறந்தால் சாவான பாவம்."

விஷயம் வெளியே போனால் பெரியப்பாவின் தமுக்கும் போகும், அவரும் ஜெயிலுக்குப் போவார். அது எல்லோருக்கும் தெரியும். மதிலுக்கு மேலே கவுண்டர் தலை எட்டிப் பார்த்தது.

"டேய், அந்தக் கட்டு எங்களுக்கும் உண்டா?"

"கேட்டீங்கல்ல கவுண்டரே? அப்ப உண்டு," என்றேன் நான்.

"எம் பொண்டாட்டியும் கேட்டுட்டாடா. அவகிட்ட நீயே சொல்லிடு."

சரளைக்கு ஒரு மாடும் வராததால் திங்கட்கிழமை குதிரை வண்டியில் அதிகாரி வந்து இறங்கினார். ஊரைக் கோயில் வாசலில் கூட்டினார். முதலில் கவுண்டர்.

"தமுக்குச் சத்தம் கேட்டதா, இல்லையா?"

"சொல்றதுக்கில்லீங்க. சாமியார் கட்டு."

"நெற்றியில் பட்டை போட்டிருக்கிறாய், உனக்கு என்னய்யா சாமியார்?"

"இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருதாங்க."

அடுத்தவன் தரையைப் பார்த்தான். அதற்கடுத்தவள் வானத்தைப் பார்த்தாள். என்னைக் கேட்டார், என் வாயும் வாழ்க்கையில் முதல் தடவையாக மூடியே இருந்தது. பூசணிக்காய்க்காரர்கூட அசையவில்லை. கடைசியில் அதிகாரி பெரியப்பாவிடமே போனார்.

"நீயே சொல். அடித்தாயா?"

அந்த மனுஷருக்குப் பொய் வராது. வந்த ஒன்றையும் சனிக்கிழமையே கழுவியாயிற்று.

"அதச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டேங்க," என்றார் பெரியப்பா. "சாமி போட்ட அபராத செபமும் சொல்லி முடிச்சிட்டேன். ஒரே பாவத்த ரெண்டு வாட்டி சொல்ற பழக்கம் எங்கள்ல இல்ல."

அதிகாரி சாமியாரைப் பார்த்தார். சாமியார் கண்ணை மூடிச் செபமாலை உருட்டினார். அதிகாரியும் சனிக்கிழமைகளில் எங்கேயோ முழங்கால் போடுகிறவர்தான் போலும். தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்.

"நடவு முடிந்ததா?"

"முடிஞ்சுதுங்க," என்றது ஊர்.

"அப்படியானால் நாளைக்கு வண்டி வரவேண்டும். இப்போதே தமுக்கு அடி. என் காதில் விழ வேண்டும்."

பெரியப்பா அடித்தார். விழுந்தது. குதிரை காதிலும் விழுந்தது. வண்டி ஆளில்லாமல் பாகூருக்குப் போய்ச் சேர, அதிகாரி பின்னாலேயே நடந்தார்.

விசுவாசி, விபூதிக்காரர், வம்புக்காரன் என்று அத்தனை பேர் கேட்டும், ஒரு வாய் திறக்காத ஊர் எங்களுடையது. கட்டு அவிழ வேண்டுமானால் பாவத்தைச் சொன்னவரே அவிழ்க்க வேண்டும். அதனால் போன மாதம் ஊருக்குப் போனபோது கேட்டேன்.

"பெரிப்பா, இத பத்திரிகையில எழுதட்டுமா?"

"எழுதிக்கோடா," என்றார். ஏரிக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "ஆனா மெல்ல எழுது. யாரு காதுலயாவது வுழுந்துடப் போவுது."

முடிந்தவரை மெல்லத்தான் எழுதியிருக்கிறேன், பெரிப்பா.