சடை பின்னியது யார்?

'ஷேம்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெட்கங்கெட்ட என்று பொருள். இதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் யாரைப் பார்த்து அதைச் சொல்லவேண்டும் என்பதில் ஒரே ஒரு முறை கோட்டை விட்டேன். நாற்பது வருடம் கழித்தும் என் வீட்டார் அதை விடுவதாயில்லை.

எண்பத்தொன்று என்று நினைவு. ஒடுகத்தூரிலிருந்து ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, ஓர் ஆங்கில அகராதியோடு காவலூரைத் தாண்டி ஒரு மலையூர்ப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாகப் போனேன். (ஜவ்வாது மலைக்கு ஆங்கிலம் என் பெட்டியில்தான் வந்து இறங்கியது என்று நினைப்பு.) தினமும் கரும்பலகை மூலையில் ஒரு சொல் எழுதிப் பொருள் சொல்வேன்.

மாசி மாதம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மலையில் அது புளி உலுக்கும் காலம். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் பெற்றோரோடு மரத்தடியில் இருந்தார்கள்.

"பிள்ளைங்க தலை கொறஞ்சா உங்க போஸ்ட்டத்தான் எடுப்பாங்க, பாத்துக்குங்க" என்றார் தலைமையாசிரியர். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஆய்வு நாளன்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்காரவைப்பது அப்போது வழக்கம். ஆனால் பக்கத்து ஊரிலும் புளிதான் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சாலம்மாவைப் பிடித்தேன். வயது இருபத்திரண்டு, என்னைவிட ஒன்றுதான் குறைவு. ஐந்தாவதோடு நின்றவள். கையில் ஆறு மாதக் குழந்தை.

"நெசமாவே எட்டாங்கிளாஸ்ல குந்தலாமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். அப்போது அவள் முகம் மலர்ந்ததை நான் பொருட்படுத்தவில்லை. என் தாவணி ஒன்றைக் கட்டிவிட்டு, இரட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்து, அவளுக்குப் பத்து வயதைக் குறைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

குழந்தையை வெளியே மரத்தில் தூளி கட்டித் தூங்கவைத்தோம். அதிகாரி வந்து உட்கார்ந்தார். வராத ஒரு பெண்ணின் பெயரை நான் கூப்பிட்டதும் சாலம்மா கணீரென்று "உள்ளேன் அம்மா" என்றாள். அதிகாரி தலையாட்டினார். பலகையில் அன்றைய சொல்லைப் பார்த்தார்: ஷேம்லெஸ். அர்த்தம் கேட்டார்.

"வெட்கங்கெட்ட!" என்று வகுப்பே முழங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூளியில் குழந்தை வீறிட்டது. சாலம்மா யாரிடமும் கேட்கவில்லை. எழுந்து போய்த் தூக்கிவந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்து, தாவணியால் மூடிக்கொண்டு பால் கொடுக்க ஆரம்பித்தாள். சிவப்பு ரிப்பன் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"யாரும்மா இது?" என்றார் அதிகாரி.

"தம்பி, சார். அவளோட தம்பி" என்றேன். (தம்பிக்கு அக்கா பால் கொடுத்ததை உலகம் அன்றுதான் பார்த்தது.)

அதிகாரி கூரையைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்ற பயத்தில் விரலை நீட்டினேன். "எனக்குத் தெரியாது சார். இவளே வந்து உக்காந்துட்டா. ஷேம்லெஸ் வுமன், சார்!"

அந்தச் சொல்லின் பொருளைச் சாலம்மா சற்றுமுன்தான் கேட்டிருந்தாள். கத்தவில்லை. குழந்தையைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"கொயந்த பசிச்சு அயுதுது, குட்த்தேன். படிக்க ஆசையா கீது, குந்துனேன். இதுல வெக்கப்பட இன்னா கீது? கூப்ட்டது நீங்க. சட பின்னுனது நீங்க. இப்ப தெரியாதுன்றதும் நீங்க. அப்ப பலகையில கீற வார்த்த யாருக்கும்மா?"

வகுப்பு முழுவதும், நான் பழக்கிய ஒழுங்கோடு, என்னைத் திரும்பிப் பார்த்தது.

அழுதுவிட்டேன். உண்மையைச் சொன்னேன். அதிகாரி வெகுநேரம் எழுதினார். வேலை பிழைத்தது, ஆனால் நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. கிளம்பும்போது சாலம்மாவிடம், "எட்டாவதை நீ தனியாவே பரீட்சை எழுதலாம்மா" என்றார். யார் சொல்லித் தருவார்கள் என்று அவள் கேட்டாள். அவர் பேனாவை என் பக்கம் காட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு அகராதியின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு சொல் கிடைத்தது: அன்அஷேம்ட். வெட்கப்படக் காரணம் இல்லாதவர். இருவருக்குமே வெட்கம் இல்லைதான். ஒருவருக்கு இருக்கவேண்டிய வெட்கம் இல்லை, மற்றவருக்கு அது தேவையே இல்லை. ஒரே வகுப்பறையில் இரண்டு பேரும் இருந்தோம், நான் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அத வுடுங்க டீச்சரம்மா. புக்கு எட்த்தாந்தீங்களா?" என்றாள். இரண்டாம் முறை எழுதித் தேறினாள்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது என் இரண்டாவது தவறு. நான் யார்மேலாவது பழியைத் தூக்கிப் போட்டால் போதும், கணவரிலிருந்து பிள்ளைகள்வரை ஒரே கேள்விதான். போன வாரம் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. "பாத்துக்கிட்டு சும்மாதானே நிக்கறீங்க!" என்று கணவர் பக்கம் விரலை நீட்டினேன். மலையையும் பார்க்காத, சாலம்மாவையும் பார்க்காத என் ஆறு வயதுப் பேத்தி, படம் வரைந்துகொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"பாட்டி, சட பின்னுனது யாரு?"

விரலை மடக்கிக்கொண்டேன். பாலை அடுப்பில் வைத்தது நான்தான்.